பொட்டு வைத்த காடி

போன வாரம் மகளோடு அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, முட்டிதான். அது தன் பாட்டுக்கு வலிக்கும், டாக்டர் தன் பாட்டுக்கு மாத்திரை எழுதுவார், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பீடோங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் காடிக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படம் எரிந்தது. பார்த்தால் காலை உள்ளே இழுத்துக்கொண்ட ஆமை மாதிரி இருந்தது.

“என்னாடி அது?”

“ஒன்னும் இல்லமா. இஞ்சின் லைட்டு. சென்சர் லா.”

“நிறுத்து காடிய.”

“மா, இது ஒரு மாசமா எரியுது.”

“ஒரு மாசமா எரியுதா? நிறுத்துடின்னா!”

நான் போட்ட சத்தத்தில் பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரன்கூட நிறுத்தியிருப்பான். மகள் ஓரங்கட்டினாள். பட்டறைக்குப் போனால் ஒரு வயரைச் செருகுவார்களாம், கம்ப்யூட்டர் என்ன கோளாறு என்று சொல்லிவிடுமாம். “அப்பொறம் ரிப்பேரு பாக்கிற பொமென் எதுக்கு?” என்று கேட்டேன். “கம்ப்யூட்டர் சொல்றத படிச்சி பில்லு போடத்தான்” என்றாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த விளக்கை விட்டுக் கண் நகரவில்லை. குளிர்காற்று வரும் ஓட்டையில் ஒரு வாசனைப் புட்டி செருகி வைத்திருக்கிறாள், சந்தன வாசனை. சந்தனமும் ஆரஞ்சு விளக்கும் ஒரே காடிக்குள் சேர்ந்தால் எனக்கு அப்படித்தான் ஆகும். ஏன் என்று மகளுக்குச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அப்போது நாங்கள் பீடோங்குக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். நான் பால் வெட்டினேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தேன், நாலாவது வருஷம் வாத்தியார் தப்பித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி டிரைவர். அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் வாயில் வரமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் ‘சுப்பையாண்ணே’ என்று கூப்பிடுவார்கள், அதை வைத்து நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

துரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு காடி. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்தது. கரும்பச்சை நிறம், இரண்டே சீட்டு, துணிக் கூரை. உட்கார்ந்தால் பின்பக்கம் ரோட்டில் உரசுமோ என்று பயமாக இருக்கும், அவ்வளவு தாழ்வு. அந்தத் துரை ஊருக்குப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போனார். அடுத்தடுத்து வந்த துரைமார்களுக்கு, பங்களாவோடு சேர்ந்து வரும் நாய் மாதிரி அதுவும் வந்தது. யார் துரையாக இருந்தாலும் அதைக் கழுவுவதும் துடைப்பதும் வாரம் ஒரு தடவை ஓட்டிச் சூடு பண்ணுவதும் என் வீட்டுக்காரர் வேலை. என்னைக் கட்டிய நாளிலிருந்து என் முகத்தைத் துடைத்துவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் காடியின் மூக்கைத் தினம் துடைப்பார்.

தோட்டத்தில் ஆயுத பூசைக்கு எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். லாரி, டிராக்டர், பால் டாங்கி, கணக்கு எழுதும் கிராணியாருடைய மோட்டார்சைக்கிள், ஏன், புல் வெட்டும் மெசினுக்குக்கூட மாலை உண்டு. அந்தப் பச்சைக் காடிக்கு மட்டும் கிடையாது. சாயம் கெட்டுப்போகும், யாரும் பொட்டு வைக்கக்கூடாது என்று அந்த முதல் துரை உத்தரவு போட்டிருந்தாராம். அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் உத்தரவு மட்டும் போகவில்லை. எடுத்துவிடலாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு பூசைக்கும் எல்லா வண்டியும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி நிற்க, அது மட்டும் மூளியாகக் கொட்டகைக்குள் நிற்கும். எனக்கு அது பொறுக்காது. காடிக்கு என்ன ஜாதி, என்ன மதம், சொல்லுங்கள்?

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரத்தை வெட்டி வீடு கட்டப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று தாள் ஒட்டினார்கள். சனங்கள் சுங்கை பட்டாணி பக்கம் கம்பெனி வேலைக்கும், சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் கலைந்து போனார்கள். எங்களுக்குப் போக இடம் இல்லை. எனக்குத் தெரிந்தது பால் வெட்டுவது, அவருக்குத் தெரிந்தது வண்டி. மகளுக்கு ஏழு வயது. நான் பாத்திரத்தைக் கட்டுவேன், எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப அவிழ்ப்பேன். ஒரே குண்டானை மூன்று தடவை கட்டியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் மெர்கோங்கிலிருந்து ஒரு முதலாளி வந்தார். தமிழ் முஸ்லிம், அலோர் ஸ்டாரில் துணிக்கடை. பழைய காடி என்றால் உயிர். வீட்டில் ஏற்கெனவே நாலு வைத்திருந்தார். பச்சைக் காடியைத் துரையிடம் பேசி வாங்கிவிட்டார். கொட்டகைக்குள் வந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்டார். இவர் வாய் திறந்தால் நாலு வார்த்தைதான் வரும். அன்றைக்கு நாற்பது வந்தது.

“இத லோரில ஏத்திக்கிட்டுப் போனா பொணத்த கொண்டுபோற மாதிரிண்ணே” என்றார் முதலாளி. “ஓட்டிக்கிட்டு வாங்க. மெர்கோங் வரைக்கும் நல்லபடியா ஓடி வந்துட்டா, காடியையும் வெச்சிக்கிறேன், உங்களையும் வெச்சிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூமு சும்மாதான் கெடக்கு. குடும்பத்தோட வந்துருங்க. அஞ்சு காடியயும் நீங்கதான் பாத்துக்கணும்.”

அப்படியாக எங்கள் வீடு, வேலை, மகளுடைய பள்ளிக்கூடம் எல்லாம் அந்தத் தாழ்ந்த சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

காடி ஒன்றரை வருஷமாகச் சரியாக ஓடவில்லை. கடைசித் துரைக்கு அதில் இஷ்டமில்லை, பேட்ரி செத்தும் புதிதுக்குக் காசு தரவில்லை, அவருடைய வயிறு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இவர் புது பேட்ரி போட்டுக் கிளப்பினார். கிளம்பியது. ஆனால் சிவப்பு விளக்கு அணையவில்லை.

சாயங்காலத்தில் அடுப்பு வேலையை விட்டுவிட்டு நான் டார்ச் பிடிக்கப் போவேன். முன்னால் அந்தப் பலகையில் இருக்கிற விளக்குகளைப் பற்றி இவர் பேசிக்கொண்டே இருப்பார். விளக்கிடம் பேசுகிறாரா என்னிடம் பேசுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

“சாவிய ஒரு திருப்பு திருப்புனா சிவப்பும் எரியணும், ஆரஞ்சும் எரியணும். எரியலன்னாத்தான் பயப்படணும், பல்பு செத்துப்போச்சின்னு அர்த்தம். இஞ்சின் புடிச்சதும் ரெண்டும் அணையணும். சிவப்பு அணையலன்னா பேட்ரிக்குக் கரண்டு ஏறல. ஆரஞ்சு அணையலன்னா எண்ணெ ஏறல.”

“ரெண்டுல எது மோசம்?”

“சிவப்பு எரிஞ்சா மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துறலாம். ஆரஞ்சு எரிஞ்சா அந்த எடத்துலயே நிறுத்தணும். ஒரு நிமிசம் ஓட்டுனாலும் இஞ்சின் போச்சி. கேக்கிறியா புள்ள?”

“கேக்கிறேன், கேக்கிறேன். நாளைக்கி நான்தான ஓட்டப்போறேன்.”

சிவப்பு விளக்கு பெரிய கடிகார முகத்துக்குள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ஆரஞ்சு தனியாக, கீழே சுவிட்சுகளின் வரிசையில், சட்டைப் பொத்தான் அளவுக்கு. எரியும்போதுதான் அது விளக்கு. எரியாதபோது அதுவும் ஒரு கறுத்த குமிழ், வரிசையில் இருக்கும் மற்ற குமிழ்களைப் போல.

முதலில் பெல்ட்டைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார், தொங்கியது. இறுக்கினார். விளக்கு அணையவில்லை. டைனமோவைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே கரித்துண்டுகள் இரண்டும் தேய்ந்து பல்குச்சி நுனி மாதிரி ஆகியிருந்தன. அந்தக் காடிக்குரிய கரித்துண்டு எங்கே கிடைக்கும்? பீடோங்கில் பட்டறை வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் லாரிக்கு வைக்கும் கரித்துண்டை வாங்கிவந்து, வாசல் படியில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துச் சின்னதாக்கினார். வீடு முழுக்கக் கறுப்புத் தூள். நான் மூன்று நாள் கறுப்புச் சோறு வடித்தேன். விளக்கு கொஞ்சம் மங்கியது, அணையவில்லை.

பிறகு கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி ஒன்று. அதைத் திறந்து உள்ளே நெருப்புப் பொறி படுகிற இடங்களை உப்புத்தாளால் தடவினார். இன்னும் மங்கியது. கொசுவத்தி நுனி மாதிரி ஒரு சின்னச் சிவப்பு. பகலில் தெரியாது, துணியைப் போர்த்திப் பார்த்தால் தெரியும். பெரிய விளக்கைப் போட்டால் அதுவும் கூடவே முறைக்கும். எனக்கென்றால் போதும் என்று தோன்றியது. என் அடுப்பே அவ்வளவு சரியாக அணைந்ததில்லை. இவர் விடமாட்டார்.

தவுக்கே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, “சுப்பையா, நீ ரொம்ப பயந்தாங்குளி லா. அந்த பல்ப கழட்டி புவாங்! பல்பு இல்ல, பயமும் இல்ல” என்றார். புவாங் என்றால் தூக்கிப் போடு. இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “வெளக்கு நம்ம எதிரியா தவுக்கே? அது சொல்லுது, நான் கேக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் தவுக்கே கடைப் பக்கம் போகவில்லை. இவர் கோபித்துக்கொண்டால் அப்படித்தான், கோபம் என்று எதிராளிக்குத் தெரியாது.

கடைசியில் கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? இஞ்சினுக்கும் காடியின் உடம்புக்கும் நடுவே செம்புக் கம்பியில் பின்னிய பட்டை ஒன்று ஓடுகிறது. அதை முடுக்கிய போல்ட்டுக்கு அடியில் எந்தத் துரை காலத்திலோ யாரோ புண்ணியவான் பச்சைச் சாயம் அடித்திருக்கிறான். கரண்டு திரும்பி வர வழியில்லாமல் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. போல்ட்டைக் கழற்றிச் சாயத்தைச் சுரண்டி, திரும்ப முடுக்கினார்.

நான் வெட்டுக்காட்டில் இருந்தேன். சைக்கிளில் நான் வெட்டும் மர நிரைக்கே வந்துவிட்டார், மூச்சு வாங்க.

“புள்ள! அணைஞ்சிருச்சி!”

“ஐயோ, அடுப்பா? சோறு வெந்துச்சா இல்லியா?”

“அட, சிவப்பு! சுத்தமா அணைஞ்சிருச்சி புள்ள!”

பால் வெட்டுகிற இன்னொரு அக்கா கேட்டாள், “என்னாடி, ஒன் புருசன் வெளக்கு ஏத்துனா சந்தோசப்படுவாருன்னு பாத்தா அணைச்சதுக்கு இப்படி ஆடுறாரு?” நானும் சிரித்தேன். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு சிரித்ததில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் எண்ணெய் மாற்றினார். எண்ணெயை வடிகட்டுகிற கிண்ணம் ஒன்று உண்டு, அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் உட்காரும். பழைய வளையம் சிரட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. புதியது சுங்கை பட்டாணியில் கிடைக்கவில்லை. சுற்றிலும் கண்ணுக்கு எட்டின தூரம் ரப்பர் மரம், நாங்கள் பிறந்தது முதல் வெட்டின பால் எத்தனை டாங்கியோ, ஒரு வளையத்துக்கு வழியில்லை. பழையதையே சுடுதண்ணியில் போட்டு இளக்கி மாட்டினார். “பரவால்ல, வழி நெடுக ஆரஞ்ச பாத்துக்கிட்டே போனா போதும்” என்று சொன்னார். என்னிடம் சொன்னாரா, வளையத்திடம் சொன்னாரா தெரியாது. நான் மறுநாள் பூசைக்குச் சந்தனம் கரைப்பதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், பூசை. இனி அது துரை காடி இல்லை, முதலாளியிடம் இன்னும் போய்ச் சேரவுமில்லை. நடுவில் ஒரே ஒரு காலைநேரம் அது எங்கள் காடி. இந்த ஒரு காலையில்கூட மூளியாகத்தான் போக வேண்டுமா என்று பிடிவாதம் பிடித்தேன். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தோட்டத்து முனையில் முனீஸ்வரன் கோவிலுக்கு ஓட்டிவந்தோம். வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைக்காமல் விட்டார். ஸ்டார்ட்டர் கொஞ்சம் சோம்பேறி, அணைத்தால் திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோ. டுர் டுர் என்று அது நிற்க, பூசாரி தீபாராதனை காட்டினார். “பழைய தொர வந்து கேட்டா நான் பொறுப்பில்ல தங்கச்சி” என்றார். “வந்தா அவருக்கும் ஒரு பொட்டு வெச்சி அனுப்புறேன்” என்றேன். இவர் தேங்காய் உடைக்கவும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவும் இறங்கியிருந்தார். நான் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே உட்கார்ந்தேன்.

மூக்குக்கு, கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு ஏற்கெனவே வைத்தாயிற்று. முன்பலகைதான் பாக்கி. கடிகாரக் கண்ணாடிகளை விட்டுவிட்டு விளிம்பில் மட்டும் வைத்தேன். எனக்கும் அறிவு உண்டு பாருங்கள். கீழே வரிசையாகக் குமிழ்கள். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விட்டால் குறைப்படும் என்று ஓரவஞ்சனை இல்லாமல் எல்லாவற்றுக்கும் வைத்தேன். சந்தனம் கெட்டி, அதன்மேல் குங்குமம். இருபது வருஷத்துக் குறையை ஒரே நாளில் தீர்த்துவிட்டேன்.

இவர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். “என்னா புள்ள இது, அம்ம போட்ட மாதிரி இருக்கு!” என்று சிரித்தார். சிவப்பு விளக்கு இருந்த கண்ணாடியை மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்தார். எரியவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினோம்.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்வது! கூரையை மடித்துவிட்டார். காற்று என் கொண்டையை அவிழ்த்துவிட்டது. இடது பக்கம் ஜெராய் மலை கூடவே வந்தது. குரூணில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் நான் கையை ஆட்டிவிட்டேன். “கையெல்லாம் ஆட்டாத புள்ள, எலெக்சனுக்கு நிக்கிறியா?” என்றார். குவார் செம்படாக் தாண்டினதும் இரண்டு பக்கமும் வயல். ரப்பர் நிழலிலேயே கிடந்தவளுக்கு அவ்வளவு வானம் பழக்கமில்லை. மெர்கோங் வீட்டில் எந்த ரூமில் அடுப்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். குண்டானை இந்தத் தடவை கட்டினால் அவிழ்க்க வேண்டாம்.

ஏதோ ஒரு தீய்ந்த வாசனை வந்தது. வயலில் வைக்கோல் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. இவர் காலை எடுப்பதற்குள் காடி ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு சின்ன மதகுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அடுத்த ஊரான கோத்தா சாராங் செமுட் இன்னும் வரவில்லை.

குதித்து இறங்கி முன்மூடியைத் திறந்தார். புகை. குனிந்து அடியில் பார்த்தார். வந்த ரோட்டில் கோடு போட்ட மாதிரி எண்ணெய். நான் உள்ளேயே இருந்தேன். சாவி திருகினபடியே இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். குமிழ் வரிசையில் ஒரு பொட்டு மட்டும் ஓரமெல்லாம் ஆரஞ்சாகத் தெரிந்தது. மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்குமே, அப்படி.

எனக்குப் படிப்பில்லை, ஆனால் நான் முட்டாள் இல்லை. ஒரு நொடியில் விளங்கிவிட்டது. வரும் வழியில் அது எவ்வளவு நேரம் எரிந்ததோ, எத்தனை மைல் எங்களைக் கூப்பிட்டதோ! நான் முந்தானையை எச்சில் பண்ணி, அந்தப் பொட்டைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன். பால் கொட்டினால் உடனே துடைக்கிற கை, அவ்வளவுதான். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இவர் திரும்பி வந்தார். சாவியை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எரியுது” என்றார்.

நான் முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். இஞ்சின் நின்றால் அது எரியத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் வேறு கணக்குப் போட்டார்.

“பல்பு நல்லாத்தான் இருக்கு புள்ள. அப்ப ஓடும்போதே எரிஞ்சிருக்கும். நான்தான் பாக்கல.” கண்ணைக் கசக்கிவிட்டு, “வெயிலு கூசிச்சோ என்னமோ. எனக்குத் தெரியவே இல்லியே” என்றார்.

ரோட்டோரக் காப்பிக்கடையிலிருந்து போன் பண்ணினார். முதலாளி தன் காடியில் வந்து சேர்ந்தார். சாவியை வாங்கித் திருகிப் பார்த்தார். இஞ்சின் கல் மாதிரி இறுகியிருந்தது.

“வார்னிங் லைட்டு எரியலியாண்ணே? பல்பு பீஸ் போயிருச்சா?”

பல்பு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழைய காடி, யார் தப்பு சொல்வது? ஆனால் இவர் விளக்குக்குப் பொய் சொல்கிற ஆள் இல்லை.

“பல்பு நல்லாருக்கு முதலாளி. எரிஞ்சிருக்கு. நான் பாக்கல.”

முதலாளி நல்ல மனுஷர். கத்தவில்லை. காடியின் கதவைத் தடவிக்கொண்டே சொன்னார், “ஒங்க மேல கோவம் இல்லண்ணே. இஞ்சின் போனா போவட்டும். ஆனா வீட்டுல நாலு நிக்கிது, எல்லாம் வயசானது. கண்ணு பாத்துக்கிட்டே இருக்கிற ஆளாப் பாக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க.”

நான் மூன்று அடி தள்ளி நின்றேன். மஞ்சள் கறை பட்ட முந்தானை என் கைக்குள் இருந்தது. கையை விரித்துக் காட்டினால் போதும். முதலாளி சிரித்திருப்பார். “பொம்பள வேலையா இது” என்று இவரைத் தோளில் தட்டியிருப்பார். இரண்டு ரூமும் எங்களுக்கு இருந்திருக்கும். எனக்கு நாலு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். தோட்டத்திலேயே நாக்கு நீளமானவள் என்று எனக்குப் பெயர். பூசாரியையே மடக்குகிற நாக்கு. அன்றைக்கு அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி எங்களுக்குப் பஸ் வரும் இடத்தைக் காட்டினார்.

பஸ்ஸில் இவர் ஒரு தடவை மட்டும் கேட்டார், “நீ பக்கத்துலதான இருந்த, ஒனக்கும் தெரியலியா?”

“நான் மலையப் பாத்துக்கிட்டு வந்தேன்” என்றேன்.

“அதுவும் சரிதான். ஒன் வேல இல்ல அது, என் வேல” என்றார். என்னைச் சமாதானப்படுத்தினார், கேட்டீர்களா? என்னை!

மாதக் கடைசியில் பீடோங்கில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை ரூமுக்கு வந்தோம். இவர் லாரி ஓட்டப் போகவில்லை. தவுக்கேயே கூப்பிட்டுப் பார்த்தார். “கண்ணு சரியில்ல தவுக்கே, யாரையாச்சும் ஏத்திக் கொன்னுருவேன்” என்று சொல்லிவிட்டார். கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னார். இவர் எல்லாவற்றையும் படித்தார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். “அவருக்கு என்னா தெரியும்” என்று இவர் வெளியே வந்து, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். அதைப் போட்ட பிறகுதான் உண்மையிலேயே தடுக்கி விழ ஆரம்பித்தார். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஒரு கம்பெனி வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலை, சைக்கிளில் போய்வந்தார். சைக்கிளில் விளக்கு ஒன்றுதான், அதையும் அவர்தான் ஏற்ற வேண்டும், நல்லதாகப் போயிற்று என்பார். பின்னால் மகள் காடி வாங்கியபோது முன்சீட்டில் உட்காரவே மாட்டார். எங்கே போனாலும் பின்னால்தான்.

ஆரம்பத்தில் சொன்னால் திட்டுவாரே என்று பயம். ஐந்து வருஷம் ஆனதும், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம். பதினைந்து வருஷம் ஆனதும் திட்டமாட்டார், கேட்கவும் மாட்டார், சும்மா என்னைப் பார்ப்பார் என்று தெரிந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

அதனால் ஓர் இடம் குறித்து வைத்திருந்தேன். அலோர் ஸ்டாருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மதகு வரும். பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அந்த இடத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு. மரம் தெரிந்ததும் வாயைத் திறப்பேன். “புளி வாங்கணுமா?” என்று கேட்பேன். “நேத்துதான வாங்குன” என்பார். மதகு போய்விடும். எத்தனை தடவை புளி கேட்டேன் என்று கணக்கே இல்லை. ஒரு தடவை அவரே அந்த மரத்தைப் பார்த்துவிட்டு, “இந்தா, ஒன் புளி வந்துருச்சி” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசிவரைக்கும் அது அவருக்கு ஒரு வேடிக்கை.

மெர்கோங் முதலாளியும் இப்போது இல்லை. காடியைப் பினாங்குப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டதாகக் கேள்வி. இஞ்சின் மாற்றினார்களா, அப்படியே பிரித்துப் போட்டார்களா, தெரியாது. எங்கள் லயம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக மாடிவீடு. முனீஸ்வரனைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் மகள் ஆமை விளக்கோடேயே ஓட்டினாள். குவார் செம்படாக் தாண்டினதும், இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். மரத்தை வெட்டிவிட்டார்கள், மதகை ரோட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இதுவா, இதுவா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் வயல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கோத்தா சாராங் செமுட் வந்துவிட்டது.